வீட்டுத் தோட்டத்தில் தாங்குசுவர்: முகப்பை விட முதுகுப் பக்கம் முக்கியம்

கேள்வி இதுதான்: பின்பக்கத் தோட்டம் சரிவாக இருக்கிறது, மேல் பாதியைச் சமப்படுத்த வேண்டும். 10 மீட்டர் நீளத்துக்கு, 80 செ.மீ. உயரத்தில் மண்ணைத் தாங்க ஒரு சுவர் தேவை. நாமே கட்டலாமா? எந்தப் பொருளில் கட்டுவது, எவ்வளவு ஆழம் தோண்டுவது, என்னென்ன வாங்குவது?

கட்டலாம். 80 செ.மீ. என்பது உடல் உழைப்புக்கு அஞ்சாத இரண்டு பேர் செய்து முடிக்கக்கூடிய அளவு. சரியான வகையைத் தேர்ந்தெடுத்தால் கொத்து வேலை தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் முகப்பு இந்த வேலையில் சிறு பகுதிதான். சுவர் நிற்குமா சாயுமா என்பது அதன் அடியிலும் முதுகுப் பக்கத்திலும் முடிவாகிறது. அங்கே தண்ணீர் தேங்க இடம் கொடுக்காமல் செய்துவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்த மாதிரி.

ஏன் தண்ணீரைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு பாருங்கள். மணற்பாங்கான சாதாரண மண் ஒரு கன மீட்டர் சுமார் 1.8 டன் எடை. அது 1 மீட்டர் உயரத்துக்குச் சுவரின் பின்னால் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 300 கிலோ விசையோடு முன்னால் தள்ளும். உயரம் 2 மீட்டரானால் தள்ளுவிசை 600 கிலோ ஆகாது, 1,200 கிலோ ஆகும். சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை எட்டு மடங்காகிவிடும். ‘இன்னும் ஓர் அடி உயர்த்திவிடலாமே’ என்று பாதி வேலையில் முடிவெடுப்பது ஆபத்தாவது இதனால்தான். அதே 1 மீட்டர் சுவருக்குப் பின்னால் மழைநீர் வடிய வழியில்லாமல் மேல்வரை நிரம்பிவிட்டால், தண்ணீரின் தள்ளுவிசை மட்டுமே 500 கிலோ. ஊறிய மண்ணையும் சேர்த்தால் 650 கிலோவைத் தாண்டும். வெயில் காலம் முழுக்க அசையாமல் நின்ற சுவர் ஒரே அடைமழையில் சாய்வதற்கு இதுதான் காரணம். மண் கூடவில்லை, தண்ணீர் சேர்ந்துவிட்டது.

இன்னொரு கணக்கும் தேவை, ஏனென்றால் இந்தத் தவறுதான் மிகப் பரவலாக நடக்கிறது: ஏற்கெனவே நிற்கும் சுற்றுச்சுவரில் மண்ணைக் கொட்டி நிரப்புவது. 23 செ.மீ. கனமுள்ள, 1 மீட்டர் உயரச் செங்கல் சுவர், மீட்டர் நீளத்துக்குச் சுமார் 440 கிலோ எடை. கவிழ்வதென்றால் அது தன் முன்பக்க அடிவிளிம்பைச் சுற்றித்தான் கவிழும். அந்த விளிம்பிலிருந்து எடையின் மையம் 11.5 செ.மீ. தள்ளி இருக்கிறது. எனவே கவிழாமல் தடுக்கும் திறன் 440 × 0.115, ஏறத்தாழ 50. மண்ணின் 300 கிலோவோ, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் தள்ளுகிறது: 300 × 0.33, ஏறத்தாழ 100. தடுக்கும் திறனைப்போல் இரு மடங்கு, அதுவும் மண் காய்ந்திருக்கும்போதே. கலவையின் பிடிப்பு சில காலம் தாங்கும், பிறகு அடியிலோ நடுவிலோ படுக்கைவாட்டில் விரிசல் விடும். சுற்றுச்சுவர் காற்றையும் ஆளையும் தடுப்பதற்காகக் கட்டியது. மண்ணைத் தாங்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கட்டத்தான் வேண்டும்.

எப்போது நீங்களாகக் கட்டக் கூடாது

தரைக்கு மேல் 1 மீட்டரைத் தாண்டினால் கட்டமைப்புப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். பல ஊர்களின் கட்டட விதிகளில் 1 முதல் 1.2 மீட்டருக்கு மேல் அனுமதி கட்டாயம். சில இடங்களில் அந்த வரம்பு இன்னும் குறைவு, சில இடங்களில் உயரத்தைத் தரையிலிருந்து இல்லாமல் கடைக்காலின் (அஸ்திவாரத்தின்) அடியிலிருந்து அளக்கிறார்கள். தோண்டும் முன் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் விதியைக் கேட்டுவிடுங்கள்.

உயரம் குறைவாக இருந்தாலும் சில இடங்களில் சொந்த முயற்சி வேண்டாம். சுவரின் உயரத்துக்குச் சமமான தூரத்துக்குள் மேல்பக்கத்தில் கார் நிற்கும் இடம், தண்ணீர்த் தொட்டி, அறை, கனமான மதில் ஏதாவது இருந்தால் அந்த எடையும் சுவர்மீதுதான் வரும். சுவருக்கு மேலே நிலம் சமமாக இல்லாமல் சரிவாகவே ஏறிக்கொண்டு போனாலும் அழுத்தம் கூடும். வீட்டின் கடைக்கால் அருகில் இருந்தால், அதன் அடிவிளிம்பிலிருந்து 45 பாகைச் சாய்வில் ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் தோண்டும் பள்ளம் அந்தக் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. போனால் வீட்டைத் தாங்கும் மண்ணையே வெட்டுகிறீர்கள். அந்த இடம் முன்பு குப்பையும் இடிபாடும் கொட்டி நிரப்பியதாக இருந்தாலும், ஊற்று கசியும் இடமாக இருந்தாலும், சுவர் பக்கத்து வீட்டு எல்லையில் வந்தாலும் பொறியாளரைக் கேட்பதே சரி.

அதிக உயரம் தேவைப்படும் சரிவை இரண்டு தாழ்வான சுவர்களாகப் பிரிக்கலாம். தோட்டத்துக்கு அழகும் கூடும். ஆனால் இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். கீழ்ச்சுவரின் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி மேல்சுவர் இருந்தால்தான் அவை தனித்தனிச் சுவர்கள். 80 செ.மீ. கீழ்ச்சுவருக்கு 1.6 மீட்டர். அதைவிட நெருக்கமாக வைத்தால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் முதுகில் ஏறும். கணக்கில் அது ஒரே உயரமான சுவர் மாதிரிதான்.

எந்தப் பொருள்

உங்கள் அளவுக்கு என் பரிந்துரை, தாங்குசுவருக்கென்றே வார்க்கப்பட்ட கான்கிரீட் அடுக்குக் கற்கள். பின்விளிம்பில் உதடோ, பொருத்துமுளையோ இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒவ்வொரு வரியும் தானாகவே சுமார் 2 செ.மீ. பின்வாங்கி உட்காரும். கலவையே வேண்டாம். கலவை இல்லாததால் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியேறும், நிலம் கொஞ்சம் அசைந்தாலும் சுவர் விரிசல் விடாமல் சேர்ந்து அசையும். ஒரு கல் 30 முதல் 40 கிலோ வரை இருக்கும். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குங்கள்.

கருங்கல் எளிதாகக் கிடைத்தால் கலவையில்லாமல் கல் அடுக்கும் சுவரும் அருமையானது. அதைப் பின்னால் சொல்கிறேன். கம்பிவலைப் பெட்டியில் கல் நிரப்பும் சுவர் நன்றாக நீரை வடிக்கும், ஆனால் இடத்தை அடைக்கும். வலைக்கண்ணைவிடப் பெரிய கற்களாகப் போட வேண்டும், முன்பின் வலைகளை உள்ளே கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் வயிறு தள்ளிவிடும். மரக்கட்டையில் கட்டினால் நிலத்தில் ஊன்றும் முளைகள் வெளியே தெரியும் உயரத்துக்குக் குறையாத ஆழம் இறங்க வேண்டும், மரமும் மண்ணோடு தொடர்ந்து உறவாடத் தகுந்தபடி பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். கிரியோசோட் (மரம் மக்காமல் இருக்க ஏற்றும் நச்சு எண்ணெய்) ஏறிய பழைய ரயில் கட்டைகளைக் காய்கறிப் பாத்திக்கு அருகே வைக்காதீர்கள்.

கட்டடத்துக்குப் பயன்படும் ஹாலோ பிளாக்கைக் கம்பியும் கான்கிரீட்டும் இல்லாமல் வெறுமனே அடுக்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பார்வைக்குக் கனமாகத் தெரியும், ஆனால் பக்கவாட்டுத் தள்ளுவிசைக்கு அதில் எதிர்ப்பே இல்லை.

கோடு போடுவதும் தோண்டுவதும்

மழை இல்லாத காலத்தைத் தேர்ந்தெடுங்கள். நிலத்தடியில் மின்கம்பி, எரிவாயு, தண்ணீர், கழிவுநீர்க் குழாய்கள் எங்கே போகின்றன என்று தெரிந்துகொண்ட பிறகே கடப்பாரையைத் தொடுங்கள். இரு முனைகளிலும் முளை அடித்து நூல் கட்டுங்கள். ஒவ்வொரு வரியும் 2 செ.மீ. பின்வாங்குவதால், ஐந்து வரிச் சுவரில் மேல்வரி அடிவரியைவிட 8 செ.மீ. உள்ளே இருக்கும். மேல்விளிம்பு எங்கே வர வேண்டுமோ அதற்கு 8 செ.மீ. முன்னால் அடிக்கோடு இருக்கட்டும். இதை மறந்தால் மேலே நினைத்த அகலம் கிடைக்காது.

சுவர் போகும் திசையிலேயே நிலம் ஏறி இறங்கினால் மிகத் தாழ்ந்த முனையில் தொடங்குங்கள். வானத்தின் (சுவருக்காகத் தோண்டும் பள்ளத்தின்) அடியைச் சரிவாக விடக் கூடாது. படிப்படியாக வெட்டுங்கள், ஒவ்வொரு படியும் ஒரு கல்லின் உயரத்துக்குச் சரியாக இருக்கட்டும். மட்டத்தை முனைக்கு முனை கடத்த டியூப் மட்டமே (தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் டியூப்) போதும். டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கற்கள் 45 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். வானத்தின் அகலம் 75 செ.மீ.: முன்னால் 15, கல்லுக்கு 30, பின்னால் வடிஜல்லிக்கு (தண்ணீர் வடிவதற்கான ஜல்லிக்கு) 30. ஆழம் 35 செ.மீ.: ஜல்லிப் படுகைக்கு 15, மண்ணுக்குள் புதையும் முதல் வரிக்கு 20. முதல் வரியைப் புதைப்பது வீண்செலவு என்று நினைக்க வேண்டாம். சுவர் அடியோடு முன்னால் வழுக்குவதை அந்த முன்பக்க மண்தான் தடுக்கிறது, மழைநீர் அடியை அரிக்காமலும் அதுதான் காக்கிறது.

பின்பக்க மேட்டை நட்டக்குத்தலாக வெட்டிவிட்டு அதன் அடியில் குனிந்து வேலை செய்யாதீர்கள். வெட்டுமுகத்தைச் சாய்வாக விடுங்கள், வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்காமல் தள்ளிக் கொட்டுங்கள். அரை கன மீட்டர் சரிந்தாலே ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு, ஆளை நசுக்க அது போதும். மழை வரும் போலிருந்தால் வெட்டுமுகத்தைத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள்.

வானத்தின் அடிமண்ணை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். கைவிசைக்கே சுலபமாக இறங்கும் இடம், வேர் மக்கிய கருமண், சேறு எதுவாக இருந்தாலும் கெட்டி மண் வரும்வரை எடுத்துவிட்டு ஜல்லியால் நிரப்பித் திமிசு (இடித்து இறுக்கும் கனமான கட்டை) போடுங்கள். தரை உறையும் அளவுக்குக் குளிர் இருக்கும் நாட்டில் இருந்தால் உறையும் ஆழத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கலவை வைத்துக் கட்டும் சுவருக்கு இது தப்பாது, கலவையற்ற அடுக்குச் சுவர் ஓரளவு அசைவைத் தாங்கும்.

இரண்டு விதமான ஜல்லி

வாங்கும்போது இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அடிப்படுகைக்கு வேண்டியது பெரிதும் சிறிதும் தூளும் கலந்த உடைகல் ஜல்லி, 20 மி.மீ. முதல் தூள்வரை. அழுத்தினால் தூள் இடைவெளியை நிரப்பி, கற்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு இறுகும். சுவருக்குப் பின்னால் வேண்டியதோ இதற்கு நேர்மாறு: ஒரே அளவான, தூசியில்லாத, 20 மி.மீ. சுத்தமான ஜல்லி. இடைவெளிதான் அதன் பயனே, தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும். தூள் கலந்ததைப் பின்னால் கொட்டினால் ஓரிரு மழையில் அடைத்துக்கொள்ளும். சுத்த ஜல்லியையோ உருண்டைக் கூழாங்கல்லையோ அடியில் போட்டால் எவ்வளவு தட்டினாலும் பூட்டாமல் உருளும். இரண்டையும் தனித்தனிக் குவியலாகக் கொட்டச் சொல்லுங்கள்.

படுகையை ஒரே வீச்சில் 15 செ.மீ. போடாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, லேசாக நனைத்து, பிளேட் காம்பாக்டரால் (அதிர்ந்து அழுத்தும் தட்டு இயந்திரத்தால்) அழுத்துங்கள். வாடகைக்கு எடுத்தாலே போதும். கைத்திமிசால் முடியும், ஆனால் 10 மீட்டருக்குக் கை ஓய்ந்துவிடும், கடைசி மூன்று மீட்டர் தளர்வாகவே நிற்கும். மேலே மட்டம் சரிசெய்ய அதிகபட்சம் 1 செ.மீ. கிரஷர் தூள். மணலைக் கனமாகப் பரப்பி அதன்மேல் கல் வைக்க வேண்டாம், தண்ணீரோடு மணல் நகர்ந்துவிடும்.

முதல் வரி

முழு வேலையிலும் அதிகப் பொறுமை கேட்கும் இடம் இதுதான். அதைக் கொடுத்துவிடுங்கள். தாழ்ந்த முனையில் முதல் கல்லை வையுங்கள். ரசமட்டத்தை இடம்வலமாக ஒருமுறை, முன்பின்னாக ஒருமுறை, அடுத்த கல்லோடு சேர்த்து ஒருமுறை பாருங்கள். உயரமாக இருந்தால் ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். தாழ்ந்திருந்தால் கல்லைத் தூக்கித் தூள் போட்டு மறுபடி வையுங்கள், அடியில் சில்லு செருகிச் சமாளிக்க வேண்டாம். சில்லின் மேல் நிற்கும் கல் பாரம் ஏறியதும் உடையும்.

30 செ.மீ. ஆழமுள்ள கல்லில் முன்பக்கம் 2 மி.மீ. தாழ்ந்திருந்தால் குமிழி லேசாகத்தான் நகரும், கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தச் சாய்வு மேலே போகப்போகப் பெருகி, 1 மீட்டர் உயரத்தில் 6–7 மி.மீ. முன்னால் வந்து நிற்கும். சுவர் எப்போதும் மண்ணை நோக்கித்தான் சாய வேண்டும். சந்தேகம் இருந்தால் முன்பக்கம் ஒரு மயிரிழை உயரமாக இருக்கட்டும், தாழக் கூடாது. நூலைக் கல்லின் பின்விளிம்பை ஒட்டிப் பிடியுங்கள். முகப்பு சொரசொரப்பாக இருப்பதால் அது நேர்க்கோடு காட்டாது.

அடுத்தடுத்த வரிகளில் செங்குத்து இடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வரக் கூடாது. குறைந்தது கல்லின் நீளத்தில் கால் பங்காவது தள்ளி இருக்கட்டும், பாதி என்றால் உத்தமம். ஒவ்வொரு வரி வைக்கும் முன்பும் கீழ்வரியின் மேற்பரப்பைத் துடைப்பத்தால் சுத்தமாகப் பெருக்குங்கள். ஒரு சிறு ஜல்லி மாட்டினால்கூடக் கல் ஆடும்.

குழாய், துணி, ஜல்லி, மண்

100 மி.மீ. துளையிட்ட குழாயை முதல் வரியின் பின்னால், மீட்டருக்கு 1 செ.மீ. சரிவில் போடுங்கள். இரண்டு வரிசைத் துளை உள்ள குழாய் என்றால் துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். மேலே பார்த்தால்தானே தண்ணீர் உள்ளே விழும் என்று தோன்றும். நடப்பது வேறு: தண்ணீர் ஜல்லியின் அடியில் சேர்ந்து மெல்ல மேலேறுகிறது, துளை கீழே இருந்தால் ஏறிய உடனேயே குழாய் அதை வாங்கிக்கொண்டு போய்விடும்.

குழாய் எங்கே முடிகிறது என்பதைத் தோண்டுவதற்கு முன்பே தீர்மானியுங்கள். ஒரு முனை கட்டாயம் வெளியே, காற்றுப்படும் இடத்தில், தாழ்ந்த பகுதியில் திறக்க வேண்டும். எலி புகாமல் வலைமூடி போடுங்கள். மறுமுனையை மேலே திருப்பித் தரைமட்டத்தில் மூடி போட்டு வைத்தால், பின்னாளில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வசதி. முன்பக்கம் முழுக்கச் சமதளமாக இருந்து குழாயை வெளியே எடுக்கத் தாழ்வான இடமே இல்லையென்றால், குழாயை ஒரு வரி உயர்த்துங்கள். முதல் வரியின் பின்னால் நீர் புகாத களிமண்ணை இறுக்கித் திமிசு போட்டு, அதன்மேல் முன்பக்கத் தரைமட்டத்தில் குழாயைப் படுக்கவைத்து, இரண்டாம் வரியில் கல்லை வெட்டி முகப்பு வழியாக வெளியே விடலாம். குழாயைப் பள்ளத்தில் போட்டு முனையை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுவது குழாயே போடாததைவிட மோசம், சுற்றிலுமுள்ள தண்ணீரை அது சுவரடிக்கு இழுத்து வரும்.

ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி வேண்டும். துணி தண்ணீரை விடும், நுண்மண்ணை விடாது. வெட்டுமுகத்தை ஒட்டித் தொங்கவிட்டு, அடியில் ஜல்லிக்குக் கீழே மடித்து, மேலே ஜல்லியை மூடும் அளவுக்கு மிச்சம் வையுங்கள். இரண்டு துண்டு சேரும் இடத்தில் 30 செ.மீ. மேலேற்றம். களை வராமல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் இதற்குச் சரிவராது, தண்ணீரையே தடுத்துவிடும்.

பிறகு வேலை இப்படி நகரும்: ஒரு வரி கல், அதன் பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கு ஜல்லி, அதன் பின்னால் மண், அழுத்தல், அடுத்த வரி. எல்லாக் கல்லையும் அடுக்கி முடித்துவிட்டுக் கடைசியில் மண்ணை ஒரேயடியாகக் கொட்டுவது சுவரைக் கையாலேயே தள்ளிவிடுவதற்குச் சமம். மண்ணை 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு அழுத்துங்கள். ஈரப்பதத்தைக் கையிலேயே சோதிக்கலாம்: ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், கையில் ஈரம் பிசுபிசுத்தால் ஆறவிடுங்கள். சுவரிலிருந்து 1 மீட்டருக்குள் கைத்திமிசோ சிறிய பிளேட் காம்பாக்டரோ மட்டும். உருளை, ஜேசிபி, மண் லாரி எல்லாம் அதற்கு அப்பால்.

வெட்டி எடுத்த மண் கரிசலாகவோ கெட்டிக் களியாகவோ இருந்தால் அதைச் சுவருக்குப் பின்னால் திரும்பப் போடாதீர்கள். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு பருவமும் சுவரை ஒரு தள்ளு தள்ளி, விட்ட இடைவெளியில் மண்ணை இறக்கி, மறுபடி தள்ளும். அந்த மண்ணைத் தோட்டத்தின் வேறு பக்கம் பரப்பிவிட்டு, மணற்பாங்கான மண்ணையோ கிராவலையோ வரவழையுங்கள்.

மேலே கடைசி 20 செ.மீ. வந்ததும் ஜல்லியின் மேல் துணியை மடித்து மூடி, தோட்டமண் போடுங்கள். தரை சுவரைவிட்டு விலகும் பக்கமாக வாட்டம் இருக்கட்டும், அல்லது சுவருக்கு 1 மீட்டர் பின்னால் ஆழமில்லாத ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரின் முதுகில் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் அதைத் திருப்பாமல் வேறெதைச் செய்தும் பயனில்லை. சுவரின் உச்சியில் வரும் மூடுகற்களைக் கட்டடப் பசையால் ஒட்டுங்கள். சிமென்ட் கலவை அந்த மெல்லிய இடுக்கில் சீக்கிரமே விட்டுப்போகும்.

உங்கள் சுவருக்கு எவ்வளவு வேண்டும்

வெளியே நான்கு வரி, புதைவது ஒன்று, ஆக ஐந்து வரி. வரிக்கு 10 ÷ 0.45, அதாவது 23 கல். மொத்தம் 115. உடைவதற்கும் வெட்டுவதற்கும் சேர்த்து 120 கல் வாங்குங்கள், மூடுகல் தனி. படுகை, கல்லுக்கு முன்னும் பின்னும் 15 செ.மீ. நீண்டு 60 செ.மீ. அகலம்: 10 × 0.6 × 0.15 = 0.9 கன மீட்டர். அழுத்தினால் சுருங்கும், எனவே கலப்பு ஜல்லி 1.1 கன மீட்டர். வடிஜல்லி 10 × 0.3 × 0.8 = 2.4, சேதாரத்தோடு 2.7 கன மீட்டர். கல்லுக்குள் பொந்து இருந்தால் அதையும் இதே ஜல்லியால்தான் நிரப்ப வேண்டும், அதற்குத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். துளைக்குழாய் 10 மீட்டர், வெளியே எடுக்கத் துளையில்லாத குழாய் 3 மீட்டர். துணி 2 மீட்டர் அகலத்தில் 11 மீட்டர். வானத்திலிருந்து மட்டும் சுமார் 2.6 கன மீட்டர் மண் வரும், தளர்ந்ததும் அது மூன்றே கால் கன மீட்டர் இடத்தைப் பிடிக்கும். எங்கே கொட்டுவது என்பதை முதலிலேயே யோசித்து வையுங்கள்.

கருங்கல்லில் கட்டுவதானால்

கலவையில்லாத கல்சுவருக்கு அடி அகலம் மொத்த உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. புதைவதையும் சேர்த்து 1 மீட்டர் சுவருக்கு அடியில் 55 செ.மீ., மேலே 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, முகப்பைப் பின்னோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள். 10 மீட்டருக்கு 4.75 கன மீட்டர் சுவர், கல் சுமார் 9 டன் தேவைப்படும். பெரிய கற்கள் அடியில். ஒவ்வொரு கல்லின் நீளப்பக்கமும் சுவருக்குள்ளே போக வேண்டும். அகலமாகத் தெரிகிறது என்று நீளப்பக்கத்தை முகப்பில் காட்டினால் கல் தோல்போல ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு உரியும். ஒவ்வொரு மீட்டருக்கும் நடு உயரத்தில் ஒரு கல்லாவது முன்னிருந்து பின்வரை குறுக்கே ஓட வேண்டும். உள்ளிடைவெளியைச் சில்லுகளால் ஒவ்வொன்றாக இறுக்கி நிரப்புங்கள், மண்வெட்டியால் வாரிக் கொட்டாதீர்கள்.

கலவை வைத்துக் கட்டினால் தண்ணீர் வெளியேற வழி நீங்கள்தான் விட வேண்டும். 75 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டுகளை முன்பக்கத் தரைக்குச் சற்று மேலே, 1.5 மீட்டருக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சரியும்படி வைத்துக் கட்டுங்கள். பின்வாயில் துணி சுற்றிய ஜல்லி இருக்கட்டும்.

கான்கிரீட் சுவரைப் பொறியாளரின் படமில்லாமல் போட வேண்டாம். போடும்போது நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நிமிர்ந்த சுவரில் முக்கியக் கம்பி மண்பக்கம் இருக்க வேண்டும். மண் தள்ளும்போது இழுபடுவது அந்தப் பக்கம்தான். வெளிப்பக்கமே விழும் பக்கம் என்று கம்பியை முகப்பில் கட்டிவிட்டால் சுவருக்குக் கம்பி இருந்தும் இல்லாத நிலைதான். வார்த்த பிறகு முழு வலு வர 28 நாள் ஆகும். அதற்கு முன் மண் நிரப்ப அவசரப்பட வேண்டாம்.

பிரச்சினை வந்தால் எதைப் பார்ப்பது

சுவரின் நடுவயிறு முன்தள்ளினால் பின்னால் தண்ணீர் தேங்குகிறது, அல்லது கல்சுவரில் குறுக்குக்கல் இல்லை. அடியிலிருந்து முழுச் சுவரும் சேர்ந்து சாய்ந்தால் முன்பக்க அடிமண் இளகியிருக்கிறது அல்லது அரித்திருக்கிறது. குழாய் கொட்டும் இடம் சுவரடியிலேயே இருந்தால் இப்படித்தான் ஆகும். ஓர் இடத்தில் மட்டும் வரி இறங்கினால் அங்கே படுகை சரியாக இறுகவில்லை. மழைக்குப் பிறகும் குழாய் முனை காய்ந்தே இருந்து, சுவர் முகப்பில் ஈரத்திட்டும் வெள்ளை உப்பும் தெரிந்தால் குழாய் அடைத்திருக்கிறது, மேல்முனை மூடியைத் திறந்து தண்ணீரை வேகமாக விட்டுப் பாருங்கள். குழாயிலிருந்து சேறாகவே தொடர்ந்து வந்தால் துணி எங்கோ கிழிந்திருக்கிறது, அல்லது மேலேற்றம் விலகியிருக்கிறது. மேலே தரையில் சிறு குழி விழுவதும் அதற்கே அடையாளம்.

சுவருக்கு மேலே மரம் நடும் ஆசை இருந்தால் புல், செடி, புதர் வரைக்கும் பயமில்லை. பெரிதாக வளரும் மரத்தை, அது முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரம் போகுமோ அதையும் நினைத்துத் தள்ளி நடுங்கள்.

கட்டி முடித்ததும் மூன்று நான்கு இடங்களில் மேல்கல்லிலிருந்து ஒரே அளவு முன்னால் நீட்டிய குச்சியில் தூக்குக்குண்டு விட்டு, அடிக்கல்லுக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதி வையுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளங்கள். மண் இறுகுவதால் சில மி.மீ. மாறுவது சகஜம், அதன் பிறகு அது நின்றுவிட வேண்டும். அடுத்த மழையிலும் அதே இடம் நகர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பகுதியில் மேல்மண்ணை இறக்கிப் பாரத்தைக் குறைத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் திருப்பிவிட்டு, பிறகே கற்களைக் கழற்றி மறுபடி அடுக்குங்கள்.